காப்பகங்களும் கண்காணிப்பும்

தம்மைத் தாமே பேணிக்கொள்ள இயலாதாரை ஓரிடத்திற் சேர்த்து, உணவும் உறையுளும் மருந்தும் அளித்துப் பாதுகாக்கும் இல்லங்கள் எல்லா நாடுகளிலும் உண்டு. ஆதரவற்ற குழந்தைகள், முதியோர், மனநோயாளர், தீயோர் பிடியினின்று மீட்கப்பட்ட பெண்கள் எனப் பலர் அவற்றில் வாழ்கின்றனர். இவ்வில்லங்களைத் தோற்றுவித்தோரின் வரலாற்றை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். வள்ளல்களின் பெயர்கள் கல்லிற் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஆயின், அவ்வில்லங்களுக்குள் பகலும் இரவும் நோயாளியின் அருகே நிற்கின்ற ஊழியன் எவ்வாறு நடந்துகொண்டான், அவனை யார் கண்காணித்தார்கள் என்னும் வரலாறு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இன்று நாம் ஆராயப் புகும் பொருள் அதுவே.

இவ்வரலாற்றைத் தொடங்குவதற்கு இங்கிலாந்தின் வட பகுதியிலுள்ள யார்க் நகரைக் காட்டிலும் ஏற்ற இடம் வேறில்லை. அந்நகரத்துச் செல்வர்கள் பொருள் திரட்டி 1777-ஆம் ஆண்டில் மனநோயாளர்க்கென ஒரு விடுதியைத் திறந்தார்கள். கட்டடம் அழகியது, ஆட்சிக் குழுவில் பெரிய மனிதர்கள் இருந்தார்கள், யார்க் பேராயரே அதன் கூட்டங்களுக்குத் தலைமை வகித்ததுண்டு. ஏழைகளுக்காக ஏற்பட்ட அவ்விடுதியில் காலப்போக்கிற் பணம் கொடுக்கும் நோயாளிகளும் சேர்க்கப்பட்டனர். அப்பணத்தின் ஒரு பகுதி மருத்துவரின் கைக்குச் சென்றது. ஆட்சிக் குழுவினர் ஆண்டறிக்கையைக் கேட்டுத் திருப்தியடைந்து வீடு திரும்பினர். உள்ளே சென்று பார்க்கும் வழக்கம் நாளடைவில் அற்றுப்போயிற்று. மருத்துவர் ஒருவரே முழு அதிகாரமும் உடையவரானார்.

1790-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் லீட்ஸ் நகரைச் சேர்ந்த ஹன்னா மில்ஸ் என்னும் கைம்பெண் மனச்சோர்வு நோயால் அவ்விடுதியிற் சேர்க்கப்பட்டார். அவர் குவேக்கர் என வழங்கும் நண்பர் சங்கத்தைச் சேர்ந்தவர். உறவினர் தொலைவில் இருந்தமையால், அவரைச் சென்று பார்த்து ஆறுதல் கூறுமாறு யார்க் நகரத்துச் சங்கத்தாரை வேண்டிக்கொண்டனர். அவ்வாறே சென்றவர்களை விடுதியார் உள்ளே விடவில்லை. பிறர் பார்க்கத்தக்க நிலையில் நோயாளி இல்லை என்று கூறித் திருப்பி அனுப்பினர். ஏப்ரல் 29-ஆம் நாள் ஹன்னா மில்ஸ் இறந்தார். எவ்வாறு இறந்தார் என்பது வெளியிலுள்ள எவர்க்கும் தெரியவில்லை. கொடுமை நிகழ்ந்தது என்பதற்குச் சான்று எதுவும் அன்று கிடைக்கவில்லை. கதவு மூடியிருந்தது என்பது ஒன்றே தெரிந்த செய்தி. அந்த ஒரு செய்தியே சங்கத்தாரின் உள்ளத்தை உறுத்திற்று.

அவருள் வில்லியம் டூக் என்பார் தேயிலை வணிகர். மருத்துவம் பயின்றவர் அல்லர். தம் சங்கத்தார்க்கென அன்பின்வழி நடைபெறும் தனி இல்லம் ஒன்று அமைத்தல் வேண்டும் என்று அவர் 1792-இல் எடுத்துரைத்தார். அவ்வில்லம் 1796-இல் யார்க் நகர்ப்புறத்தில் திறக்கப்பட்டது. அதற்கு 'ரிட்ரீட்' என்று பெயரிட்டனர். ஒதுங்கி இளைப்பாறும் இடம் என்பது அதன் பொருள். சன்னல்களில் இரும்புக் கம்பிகள் இருந்தன. ஆயினும் அவை மரச்சட்டங்கள் போலத் தோன்றும்படி செய்யப்பட்டிருந்தன. முற்றங்களில் முயல்களும் கோழிகளும் கடற்பறவைகளும் விடப்பட்டன; நோயாளிகள் அவற்றைப் பேணிப் பழகினர். பெண்கள் பகுதிக்குத் தலைவியாயிருந்த காதரீன் ஆலன் அவ்வப்போது நோயாளிகளைத் தேநீர் விருந்துக்கு அழைப்பார். அவர்கள் தம்மிடமுள்ள நல்லாடை உடுத்து வந்து அமர்ந்து, ஒழுங்காக உரையாடிச் செல்வர்.

ரிட்ரீட் இல்லத்தின் மேற்பார்வையாளர் ஜார்ஜ் ஜெப்சன். இவரைப் பற்றி ஒரு செய்தி உண்டு. முப்பத்துநான்கு வயது மதிக்கத்தக்க, மிகப் பெரிய உடலினனான ஒருவனை விலங்கிட்டு அழைத்து வந்தனர். முன்னைய இடங்களில் அவன் விலங்கு நீங்கியதே இல்லை. ஜெப்சன் விலங்குகளைக் கழற்றச் செய்து, தாமும் காதரீன் ஆலனும் இராவுணவு கொள்ளும் மேசையில் அவனையும் அமர்த்தினார். நீ உன்னை அடக்கிக்கொண்டால் நாங்கள் உன்னைக் கட்டமாட்டோம் என்பது அவனுக்குச் சொல்லப்பட்டது. அவன் சில நேரங்களிற் சினந்து கூவியதுண்டு. அப்போது மேற்பார்வையாளர் அறைக்குச் சென்று அருகமர்ந்து பேசுவார். நான்கு திங்களில் அவன் நலமுற்று வெளியேறினான். இங்கே ஒன்றைத் தெளிவாகக் கூறுதல் வேண்டும். ரிட்ரீட் இல்லத்திற் பிணிப்பு முற்றும் ஒழிக்கப்படவில்லை. கைகளை மடக்கிக் கட்டும் இறுக்குச் சட்டை அங்கும் இருந்தது. அச்சத்தையும் ஓரளவு பயன்படுத்தினர். பிற்காலத்து நூலோர் சிலர் அதனைப் பொன்னுலகாக வருணித்தது மிகை. ஆயினும் நோயாளியுடன் ஒரே மேசையில் உண்ணுகின்ற ஊழியன் அவனை அடிப்பது எளிதன்று என்பதை அவ்வில்லத்தார் கண்டுகொண்டனர்.

வில்லியம் டூக்கின் பெயரர் சாமுவேல் டூக் 1813-இல் ரிட்ரீட் இல்லத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அந்நூல் பழைய விடுதியை வெளிப்படையாகக் குறை கூறவில்லை. இருந்தும் அவ்விடுதியின் மருத்துவர் டாக்டர் பெஸ்ட், அது தம்மைத் தாக்குவதாக எண்ணிப் புனைபெயரில் செய்தித்தாளுக்குக் கடிதம் எழுதினார். மறுப்பும் எதிர்மறுப்புமாகப் பூசல் வளர்ந்தது. குற்றம் சாட்டப்படாதவர் தாமே முன்வந்து மறுப்புரைத்ததால், ஊரார் அவ்விடுதியைக் கூர்ந்து நோக்கத் தொடங்கினர். பெஸ்ட் பேசாதிருந்திருப்பாராயின் வரலாறு எவ்வாறு சென்றிருக்குமோ, அறியோம்.

இந்நிலையில் காட்ஃப்ரே ஹிக்கின்ஸ் என்னும் மாஜிஸ்திரேட் களத்தில் இறங்கினார். வில்லியம் விக்கர்ஸ் என்பவன் ஒருவரைத் தாக்கியதாக அவர் முன் கொண்டுவரப்பட்டான். அவன் சித்தம் கலங்கியவன் என்று கண்டு ஹிக்கின்ஸ் அவனை யார்க் விடுதிக்கு அனுப்பினார். சில திங்கள் கழித்து அவன் மனைவி வந்து, கணவன் உடலெல்லாம் பேன் மொய்க்க, சாட்டையடித் தழும்புகளோடு திரும்பினான் என்று முறையிட்டாள். ஹிக்கின்ஸ் விசாரித்தார், ஆட்சிக் குழுவுக்கு எழுதினார். டிசம்பர் மாதத் தொடக்கத்தில் பேராயர் தலைமையிற் குழு கூடியது. குற்றம் சாட்டப்பட்ட ஊழியர்கள் அழைக்கப்பட்டனர், அவர்கள் மறுத்தனர். அம்மறுப்பே போதிய சான்றாகக் கொள்ளப்பட்டது. நோயாளி எல்லா வகையிலும் நன்கு கவனிக்கப்பட்டான் என்று குழு தீர்மானம் நிறைவேற்றியது. உள்ளிருப்போர் முறையிட்டால் பித்தர் சொல் என்றும், உறவினர் முறையிட்டால் துயரத்தால் மிகைப்படுத்துகின்றனர் என்றும், ஊழியர் மறுத்தால் அது சான்று என்றும் கொள்ளும் இந்த நீதிமுறை அவ்வூருக்கே உரியதென்று நாம் எண்ணவேண்டியதில்லை.

ஹிக்கின்ஸ் வேறு வழி தேடினார். விடுதியின் விதிப்படி 20 பவுன் நன்கொடை செலுத்தும் எவரும் ஆட்சிக் குழு உறுப்பினர் ஆகலாம். ஹிக்கின்சும் டூக் குடும்பத்தாரும் நண்பர்களும் ஆளுக்கு 20 பவுன் செலுத்தி, அடுத்த கூட்டத்திற்கு உறுப்பினராகவே வந்து அமர்ந்தனர். தடுப்பதற்கு வழியின்றி ஒரு விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அது தன் பணியைத் தொடங்கியிருந்த சமயத்தில், டிசம்பர் 28-ஆம் நாள் இரவு விடுதியின் ஒரு பகுதி தீப்பற்றி எரிந்தது. மருத்துவர் ஊரில் இல்லை. ஊழியரிற் பலரும் இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. நோயாளிகள் நால்வர் மாண்டனர் என்று கணக்கிடப்பட்டது. விசாரணைக்கு அஞ்சி வைத்த தீ என்று ஐயுற்றவர் உண்டு, அது மெய்ப்பிக்கப்படவில்லை.

அடுத்த ஆண்டு, 1814 மார்ச்சு மாதத்தில், ஹிக்கின்ஸ் ஒரு நாட்காலை முன்னறிவிப்பின்றி விடுதிக்குச் சென்றார். எல்லா அறைகளையும் காட்டுமாறு கேட்டார். காட்டப்பட்டவை யாவும் தூய்மையாயிருந்தன. சமையலறைப் பக்கத்தில் கண்ணுக்கு எளிதிற் புலப்படாத ஒரு கதவைக் கண்டு, அதைத் திறக்கச் சொன்னார். சாவி அகப்படவில்லை என்றனர். அப்படியாயின் அடுப்படியில் ஒரு சாவி இருக்கும், அதை நானே கொண்டுவருகிறேன் என்றார். அவர் கருதியது நெருப்புக் கிளறும் இரும்புக் கோலை. உடனே சாவி அகப்பட்டது. உள்ளே சுமார் எட்டடிச் சதுரமான நான்கு சிற்றறைகள், ஈர வைக்கோல், சுவரிலும் காற்றுத் துளையிலும் கழிவு. மாடியில் 12 அடி நீளமும் 8 அடிக்கும் குறைந்த அகலமும் உடைய ஓர் அறையில் 13 பெண்கள் இருந்தனர். இரவில் அந்நால்வகைச் சிற்றறைகளில் அடைக்கப்பட்டவர்கள் அவர்களே. விடுதியின் ஆட்சிக் குழுவினருள் எத்தனை பேர் அக்கதவைக் கடந்து சமையலறைக்குச் சென்றிருப்பர் என்று எண்ணிப் பார்க்கிறோம்.

அவ்வாண்டே பழைய ஊழியர் பெரும்பாலும் நீக்கப்பட்டு விடுதி புதிதாக ஒழுங்கு செய்யப்பட்டது. அதே காலத்தில் லண்டன் மாநகரின் பழம்பெரும் பெத்லெம் மருத்துவமனையில் ஜேம்ஸ் நாரிஸ் என்பவர், உடலைச் சுற்றிய இரும்புக் கச்சையோடு ஓர் இரும்புக் கம்பத்திற் பிணிக்கப்பட்டுப் பத்தாண்டுகளுக்கு மேலாகக் கிடந்ததை எட்வர்டு வேக்ஃபீல்டு என்பார் கண்டு வெளிப்படுத்தினார். நாரிஸ் விடுவிக்கப்பட்டார், ஆனால் நெடுநாள் வாழவில்லை. நாடாளுமன்றம் 1815-இல் ஒரு தெரிகுழு அமைத்து யார்க், பெத்லெம் இரண்டையும் ஆராய்ந்தது. சான்றுகள் குவிந்தன. எனினும் சட்டம் உடனே வரவில்லை. கீழ்ச் சபை ஏற்ற மசோதாக்களைப் பிரபுக்கள் சபை ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளியது. 1828-இலும் பின்னர் 1845-இலுந்தான் உறுதியான சட்டங்கள் பிறந்தன. 1845-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடு முழுமைக்கும் ஆணையர்கள் அமைந்தனர். ஷாஃப்ட்ஸ்பரி பிரபு அவர்களுக்குத் தலைவராயிருந்து, 1885-இல் இறக்கும்வரை அப்பணியைச் செய்தார். முன்னறிவிப்பின்றி எந்நேரமும் நுழையலாம், இரவிலும் வரலாம். விடுதியின் எந்தப் பகுதியையும் மறைத்தல் குற்றம். ஹிக்கின்ஸ் திறக்கச் செய்த அக்கதவின் சுவட்டை இவ்விதியிற் காண்கிறோம்.

இனி, கண்காணிப்பு ஊழியரின் நடத்தையை எவ்வாறு மாற்றுகிறது என்பதற்கு லிங்கன் நகரத்து மனநோய் விடுதியைச் சான்றாகக் காட்டுவோம். நம் எண்ணத்தில், இவ்வரலாறு முழுவதிலும் இதைவிடப் பயனுள்ள செய்தி இல்லை. 1829-இல் அங்கே ஒரு நோயாளி இறுக்குச் சட்டையில் மாட்டப்பட்டு இரவு முழுதும் படுக்கையோடு கட்டப்பட்டிருந்து, காலையில் இறந்து கிடந்தார். அவர் அருகே எவரும் இல்லை. இதன்பின் விடுதியின் மருத்துவரான சார்ல்ஸ்வொர்த்தும் குழுவினரும் ஒரு விதி செய்தனர். இரவில் ஒருவரைக் கட்டவேண்டுமாயின் கட்டலாம். ஆனால் ஓர் ஊழியன் அவ்விரவு முழுதும் அந்த அறையில் விழித்திருத்தல் வேண்டும். மேலும், யாரை, எதனால், எவ்வளவு நேரம் கட்டினர் என்பது பதிவேட்டில் எழுதப்படவேண்டும். அவ்வளவே விதி. கட்டுதலைத் தடை செய்யவில்லை.

விளைவு வியக்கத்தக்கது. கட்டினால் தான் தூங்கலாம் என்றிருந்த நிலை மாறி, கட்டினால் தான் தூங்கமுடியாது என்று ஆயிற்று. கட்டாமல் தீராது என்று முன்பு சொல்லப்பட்ட நோயாளிகளிற் பலர் கட்டாமலே அமைதியாக உறங்குவதை ஊழியர்கள் கண்டனர். பதிவேட்டின் பக்கங்கள் ஆண்டுக்கு ஆண்டு வெறுமையாயின. அங்கு இளம் மருத்துவராகச் சேர்ந்த ராபர்ட் கார்டினர் ஹில், கட்டுதலை அறவே ஒழிக்க முடியும் என்று துணிந்து, 1838 அளவில் அதைச் செய்தும் காட்டினார். அதற்கு வேண்டுவன எவை என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஊழியர் தொகை கூடவேண்டும், அவர்கள் உடல் வலிமையும் பொறுமையும் உடையவர்களாயிருக்கவேண்டும், அதற்கேற்ற ஊதியம் தரவேண்டும்.

லிங்கன் விடுதி சிறியது. பெரிய விடுதியில் இது செல்லாது என்றனர். ஜான் கொனாலி என்னும் மருத்துவர் லிங்கனுக்குச் சென்று கண்டு, 1839-இல் லண்டனுக்கு அருகிலுள்ள ஹான்வெல் விடுதியின் பொறுப்பை ஏற்றார். அங்கே ஏறத்தாழ 800 நோயாளிகள். சில திங்களுக்குள் இறுக்குச் சட்டைகளும் தோல்வார்களும் பிணிப்பு நாற்காலிகளும் அறைகளினின்று அகற்றப்பட்டன. மருத்துவர் ஒரு நாளில் சில நிமிடமே நோயாளியைக் காண்கிறார், ஊழியரோ விழித்தது முதல் உறங்கும்வரை அவனோடிருக்கின்றனர், ஆதலால் மருத்துவ முறையின் உயிர் ஊழியர் கையிலேயே உள்ளது என்பது அவர் கொள்கை. அவர்களுக்கு முறையான பயிற்சி வேண்டும் என்று அவர் எழுதியது உடனே பலிக்கவில்லை. பிரிட்டிஷ் மருத்துவ உளநூற் சங்கத்தார் ஊழியர்க்கென ஒரு கையேடு வெளியிட்டது 1885-இல். தேர்வு நடத்திச் சான்றிதழ் அளிக்கத் தொடங்கியது 1891-இல். அதுவரை இப்பணிக்கு வந்தோர் வேறு வேலை கிடைக்காதவரும் படையினின்று விலகியவருமே. கைதியைக் காப்பதற்கும் நோயாளியைக் காப்பதற்கும் வேற்றுமை உண்டு என்பதை அவர்களுக்கு எவரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

நம் நாட்டிற்கு வருவோம். சென்னையில் கம்பெனி ஆட்சிக் காலத்தில், 1794-இல், வாலன்டைன் கொனாலி என்னும் மருத்துவர் ஒரு மனநோய் விடுதியை ஏற்படுத்தினார். பெயர் ஒற்றுமை கொண்டு ஹான்வெல் கொனாலியோடு இவரை மயங்கவேண்டாம். கம்பெனி வாடகை கொடுத்தது. விடுதி மருத்துவரின் சொந்த உடைமை. நோயாளியின் நலமும் நடத்துவோரின் வருவாயும் ஒரே கணக்கில் எழுதப்பட்ட இம்முறை நெடுநாள் நீடித்தது. கீழ்ப்பாக்கத்தில் அரசின் பெரிய விடுதி 1871-இல் திறக்கப்பட்டது. 1858-ஆம் ஆண்டுச் சட்டமும், அதனை மாற்றி வந்த 1912-ஆம் ஆண்டு இந்தியப் பித்தர் சட்டமும் ஒவ்வொரு விடுதிக்கும் பார்வையாளர்களை நியமித்தன. 1912-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பார்வையாளர் மூவர்க்குக் குறையலாகாது. ஒருவர் மருத்துவராயிருத்தல் வேண்டும். திங்கள்தோறும் ஒரு முறையேனும் அவர்கள் விடுதியின் ஒவ்வொரு பகுதியையும் பார்த்து, இயன்றவரை ஒவ்வொரு நோயாளியையும் காணவேண்டும். யார்க் நகரம் கற்றுக்கொடுத்த பாடம் சொல்லுக்குச் சொல் நம் சட்டத்தில் ஏறியது. ஆனால் அதே சட்டம் சிறைச்சாலைகளின் தலைமை அதிகாரியைப் பதவி வழியே பார்வையாளராக்கிற்று. அரசு இவ்விடுதிகளை எந்தக் கண் கொண்டு நோக்கியது என்பதற்கு இது ஒன்றே போதும். 1946-இல் வெளிவந்த போர் குழு அறிக்கை, நாற்பது கோடி மக்களுக்கு ஏறத்தாழ 10,000 படுக்கைகளே மனநோய் மருத்துவமனைகளில் இருந்ததையும், அவற்றிற் பல காவற்கூடங்களாகவே நடந்ததையும் எடுத்துக்காட்டியது.

விடுதலைக்குப் பின்னும் கதவுகள் எளிதில் திறக்கவில்லை. ஆக்ராவிலிருந்த பெண்கள் பாதுகாப்பு இல்லத்தின் இழிநிலையைப் பற்றிச் செய்தித்தாளிற் படித்த சட்டப் பேராசிரியர் உபேந்திர பக்சியும் லோதிகா சர்க்காரும் 1981-இல் உச்ச நீதிமன்றத்திற்கு ஒரு கடிதம் எழுதினர். நீதிமன்றம் அக்கடிதத்தையே மனுவாக ஏற்றது. இல்லத்தின் பெண்கள் மனிதர்க்குரிய மதிப்போடு வாழும் உரிமை உடையவர் என்பது வழக்கின் அடிப்படை. ஆக்ரா மாவட்ட நீதிபதி அவ்வப்போது நேரிற் சென்று பார்த்து அறிக்கை அனுப்பவேண்டும் என்பது அதன் நடைமுறை. கழிப்பிடம், குளியலறை, மருத்துவரின் வருகை என அந்த அறிக்கைகள் பேசிய செய்திகள் மிகச் சாதாரணமானவை. அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு அங்கே குளியலறைக் கதவாகத் தோன்றியது என்றால் மிகையன்று. ராஞ்சி மனநோய் மருத்துவமனை வழக்கிலும் 1986-இல் அதே நீதிமன்றம், உணவுச் செலவின் வரம்பை உயர்த்துக, மெத்தையும் போர்வையும் வழங்குக, மருந்துச் செலவுக்கு விதித்த உச்சவரம்பை நீக்குக என்று ஆணையிட்டது. பின்னர், 1997-இல், ராஞ்சி, ஆக்ரா, குவாலியர் மருத்துவமனைகளின் மேற்பார்வை தேசிய மனித உரிமை ஆணையத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

இவையெல்லாம் அரசின் இல்லங்கள். தனியார் நடத்தியவை எவர் கண்ணிலும் படவில்லை. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் நோய் நீங்கும் என்னும் நம்பிக்கையோடு தர்காவை நாடி வந்த மனநோயாளர்க்கென, சுற்றுப்புறத்திற் கீற்றுக் கொட்டகைகளில் விடுதிகள் தோன்றியிருந்தன. குடும்பத்தார் பணம் கொடுத்து விட்டுச் சென்றனர். சிலர் திரும்பி வரவே இல்லை. 1987-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் 1993 முதல் நடைமுறையில் இருந்தது. உரிமம் இன்றி இத்தகைய விடுதி நடத்தலாகாது என்று அது கூறியது. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியற்காலையில் ஒரு விடுதியில் தீப்பற்றியது. உள்ளிருந்தோரிற் பலர் சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தனர். 28 பேர் மாண்டனர். லிங்கன் நகரில் ஒருவர் கட்டுண்டு தனியே இறந்த 1829-ஆம் ஆண்டுக்குப் பின் 172 ஆண்டுகள் கழிந்திருந்தன. ஏர்வாடியில் எழுத்திலுள்ள சட்டம் இருந்தது. இரவில் விழித்திருக்க ஓர் ஆள் இல்லை. சில நாட்களுக்குள் அவ்விடுதிகள் யாவும் மூடப்பட்டு, ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் எடுக்கப்பட்டனர். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது.

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்தது. சங்கிலியிடுதலை அது எவ்வகையிலும் தடை செய்கிறது. உடனடித் தீங்கைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநோய் மருத்துவரின் ஒப்புதலோடு, வேண்டிய நேரத்துக்கு மட்டும் உடலைப் பிணிக்கலாம்; ஒவ்வொரு நிகழ்ச்சியையும் எழுதி வைத்து, திங்கள்தோறும் மறுஆய்வுக் குழுவுக்குத் தெரிவிக்கவேண்டும். லிங்கன் விடுதியின் பதிவேடு இவ்வாறு நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. கட்டாயமாகத் தலையை மழித்தலாகாது, சொந்த உடை உடுக்க உரிமை உண்டு, வேலை வாங்கினால் ஊதியம் தரவேண்டும் என்னும் விதிகளும் அதில் உள. இவற்றைச் சட்டம் எழுதிச் சொல்லவேண்டியிருந்தது என்பதிலிருந்தே முன்னைய வழக்கம் எதுவென்று விளங்கும். முதியோர் இல்லங்களுக்கு இத்துணை நுணுக்கமான விதிகள் இல்லை. 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டம், மாவட்டந்தோறும் ஆதரவற்ற முதியோர் 150 பேர் தங்கத்தக்க இல்லம் ஒன்றை மாநில அரசு அமைக்கலாம் என்கிறது; அதன் ஊழியர் எப்படிப்பட்டவராயிருக்கவேண்டும் என்பதை மாநிலங்களின் திட்டங்களுக்கு விட்டுவிட்டது.

கடைசியாகப் பீகார் மாநிலத்து நிகழ்ச்சி ஒன்று. அம்மாநில அரசு கேட்டுக்கொண்டபடி டாட்டா சமூக அறிவியல் கழகத்தின் குழு ஒன்று அங்குள்ள 110 இல்லங்களைச் சென்று பார்த்து 2018-இல் அறிக்கை அளித்தது. முசாபர்பூரில் சிறுமியர் வாழ்ந்த ஓர் இல்லத்தில் நடைபெற்ற கொடுமைகள் அவ்வறிக்கையால் வெளிப்பட்டன. அவ்வில்லத்துக்கு அதற்குமுன் அதிகாரிகள் வராமலில்லை. மேற்பார்வைக்கென்றே சட்டம் வகுத்த குழுவும் அலுவலரும் அம்மாவட்டத்தில் இருந்தனர். அவர்கள் வந்தபோது பதிவேடுகள் ஒழுங்காயிருந்தன. டாட்டா கழகத்தார் பதிவேட்டோடு நில்லாமல் அங்கு வாழ்வோரிடம் பேசினர். சிறுமியர் சொன்னார்கள். வழக்குத் தில்லி நீதிமன்றத்திற்கு மாற்றப்பட்டு, 2020 சனவரியில் 19 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. இல்லத்தை நடத்தியவரும் ஊழியரும் மட்டுமல்லர். மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் தலைவராயிருந்தவரும், அதன் உறுப்பினர் ஒருவரும், குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரும் அப்பத்தொன்பதின்மருள் இருந்தனர்.